நல்ல மனம் மட்டும் போதுமா?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் எமது பத்திரிகை அலுவலகத்துக்குத் தாயும் மகளுமாக இருவர் வந்திருந்தனர். மகள் வைத்தியப் படிப்பை முடித்து, உள்ளகப் பயிற்சியையும் நிறைவு செய்தவள். ஆபிரிக்க நாடொன்றிலே சில ஆண்டுகள் ஏழை மக்களிடையே பணியாற்ற வேண்டுமென்பது அவளுடைய விருப்பம். தாய்க்கோ அதில் பாதி பெருமை, பாதி பயம்.

"சுவாமி, போறதுக்கு முந்தி நான் இன்னும் என்ன படிக்க வேணும்?" என்று மகள் கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் தாய் முந்திக்கொண்டார். "இவ்வளவு காலமும் படிச்சது காணாதே பிள்ளை? நல்ல மனம் இருந்தால் போதும். மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார். என்ன சுவாமி?"

நானும் சிரித்துக்கொண்டே தலையசைத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போனபின் அந்தத் தலையசைப்பு என் மனதை உறுத்தத் தொடங்கியது. கேள்வி கேட்ட பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். வைத்தியராகவும் தாதியாகவும் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் நம் மத்தியில் பல. வெளிநாட்டு வைத்தியக் குழுக்களின் கைகளால் சிகிச்சை பெற்ற குடும்பங்களும் பல. ஆகவே கொடுப்போர், பெறுவோர் என்ற இரு பகுதியாருக்கும் உரிய கேள்வி இது.

நோக்கமும் செயலும்

குருமடத்திலே ஒழுக்கவியல் வகுப்பில் எமக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாடங்களில் ஒன்றுண்டு. ஒரு செயல் நல்லதாக அமைய நோக்கம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. செய்யப்படும் காரியமும் நல்லதாயிருக்க வேண்டும். சூழ்நிலைக்கும் அது பொருந்த வேண்டும். இவற்றில் ஒன்று பழுதுபட்டாலும் செயல் பழுதுபடும். புனித தோமஸ் அக்குவைனாஸ் இதற்கு மேலும் ஒருபடி போகிறார். அறிந்திருக்கக் கடமைப்பட்ட ஒன்றை ஒருவன் தன் அசட்டையினால் அறியாதிருந்தால் அந்த அறியாமையே குற்றம் என்பது அவருடைய போதனை. வீட்டுக் கூரை இடிந்து விழுந்தபின் மேசன் வந்து, "நான் நல்ல மனத்தோடுதான் கட்டினேன்" என்று சொன்னால் வீட்டுக்காரன் அதை ஏற்பானா?

வைத்தியத்திலும் இதுவே நியாயம். திறமை என்பது அன்புக்கு மேலாகச் சூட்டும் அலங்காரமல்ல. பிறர் உயிரைத் தொட முன்வருபவனுக்கு அது அன்பின் கடன். இவ்வளவும் எளிதில் விளங்கும். ஆனால் எதை அறிந்திருக்க நாம் கடமைப்பட்டவர்கள் என்பதை யார் எமக்குச் சொல்லுவார்? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வங்காளதேசத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த குழந்தைகள் வயிற்றோட்டத்தினால் பெருந்தொகையாக இறந்து கொண்டிருந்தனர். அதைத் தடுக்க 1970களில் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் அரசும் ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகளை இறக்கின. பின்னர் மக்களும் தாமாகவே இலட்சக்கணக்கில் அமைத்துக்கொண்டனர். நிலத்தடி நீர் தெளிந்தது, கிருமி அற்றது. ஆனால் அந்த மண்ணின் ஆழத்திலே ஆசனிக் என்னும் பாஷாணம் இயற்கையாகவே கலந்திருந்தது. அதைச் சோதிப்பது அக்காலத்து வழக்கமாக இருக்கவில்லை. எல்லைக்கு அப்பால் மேற்கு வங்காளத்தில் 1983ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவின் தோல் நோய் வைத்தியர் ஒருவர் இந்த நஞ்சினால் தோல் கறுத்துத் தடித்த நோயாளரைக் கண்டறிந்தார். வங்காளதேசத்தின் கிணறுகளில் அது கண்டுபிடிக்கப்பட்டதோ 1993இல். ஆபத்துக்கு உள்ளானவர்கள் 3.5 கோடி முதல் 7.7 கோடி வரை இருக்கலாமென 2000ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏட்டிலே மதிப்பிடப்பட்டது. நஞ்சுள்ள கிணறுகளுக்குச் சிவப்பும் நல்ல கிணறுகளுக்குப் பச்சையுமாக நிறம் பூசினார்கள்.

கிணறு இறக்கியவர்களைக் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. வயிற்றோட்டத்தை வெல்ல அவர்கள் எடுத்த முயற்சி உண்மையானது. ஆனால் முதலில் 1983ஐயும் பிறகு 1993ஐயும் ஒருமுறை பாருங்கள். எல்லையின் ஒரு புறத்தில் தெரிந்த உண்மை மறுபுறம் போய்ச் சேரப் பத்து ஆண்டுகள் சென்றன. தொடக்கத்தில் அறியாமல் செய்ததை மன்னிக்கலாம். செய்து முடித்தபின் அதன் பலனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பதோ கடமை. தர்ம காரியத்தைத் தொடக்கிவைத்துப் படம் பிடித்துக்கொண்டு போய்விடும் பழக்கம் நம்மிடமும் இல்லையா?

கேட்கத் தெரிந்த வைத்தியர்

இனி நல்ல முன்மாதிரி ஒன்றைப் பார்ப்போம். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் ஜமேக்காவிலே பிறந்து ஒக்ஸ்போர்ட்டில் கற்றவர். இன்று கானா என்றழைக்கப்படும் கோல்ட் கோஸ்ட் நாட்டுக்கு 1929இல் போனார். அங்கே இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் உடல் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி இறப்பதைக் கண்டார். அது இன்ன நோய் என்று அவர் படித்த நூல்களில் இல்லை. அவர் தாய்மாரிடம் கேட்டார். கா மொழி பேசும் அம்மக்களிடம் அந்த நோய்க்கு ஒரு பெயர் இருந்தது: குவாஷியோர்கோர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்படும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து.

பெயருக்குள்ளேயே காரணமும் இருந்தது! பால் நின்றபின் சோளக் கஞ்சி மட்டுமே பெற்ற குழந்தையின் உணவுக் குறைபாடு அது என்று அவர் 1933இல் எழுதினார். இங்கிலாந்திலிருந்த பெரிய நிபுணர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அது ஏற்கெனவே தெரிந்த வேறொரு நோய்தான் என்று வாதாடினர். 1935இல் அவர் மீண்டும் எழுதியபோது அந்தத் தாய்மாரின் சொல்லையே நோயின் பெயராக இட்டார். இன்று உலகின் எல்லா வைத்திய நூல்களிலும் அந்தச் சொல் இருக்கிறது. எழுத்தறியாத தாய்மார் தெரிந்து வைத்திருந்ததைக் கற்றறிந்த நிபுணர் அறியவில்லை. அத்தாய்மாரிடம் கேட்கத் தெரிந்த ஒருவர் அறிந்துகொண்டார்.

இதை எழுதும்போது என் சொந்தத் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 2004 மார்கழி 26இல் கடல்கோள் வந்தபோது நான் குருமட மாணவன். தை மாதத் தொடக்கத்தில் முல்லைத்தீவுப் பக்கத்து முகாமொன்றில், வெளிநாட்டிலிருந்து வந்த வைத்தியர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளனாக என்னை இருத்தினார்கள். பாடசாலை விறாந்தையில் நீண்ட வரிசை. ஓர் ஆச்சி வந்து வாங்கில் அமர்ந்தார். "என்ன செய்கிறது?" என்று வைத்தியர் கேட்டார். ஆச்சி சொல்லத் தொடங்கினார். அன்று காலை பேரனைக் கடற்கரைக்குப் பாலுக்கு அனுப்பியது, தாய் வேண்டாம் என்று சொன்னது, தான்தான் போகச் சொன்னது, அன்று முதல் இரவில் நித்திரை இல்லாதது, விடியுமட்டும் தலை இடிப்பது. ஐந்து நிமிடமாவது பேசியிருப்பார். எனக்குப் பின்னால் நின்ற வரிசையை நினைத்து நான் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் சொன்னது இரண்டே சொல்: தலையிடி, நித்திரையின்மை.

அவர் மாத்திரை எழுதினார். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் என்று நான் சொன்னேன். ஆச்சி எல்லாவற்றுக்கும் "ஓம் தம்பி" என்றார். முகாமில் அவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, வைத்தியரும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அந்த மாத்திரை உறை பிரிக்கப்படாமலே அவருடைய சீலைத் தலைப்பில் முடிந்திருந்தது. அந்த வைத்தியர் நல்ல மனிதர். தம் சொந்தச் செலவிலே வந்தவர். நானும் கெட்டவனல்லன். எங்கள் இருவருக்கும் நல்ல மனம் இருந்தது. இருந்தும் அந்த ஆச்சி சொன்னதைக் கேட்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்து மனநோய் வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் போரினாலும் கடல்கோளினாலும் உண்டான மனவடுக்களை ஆராய்ந்து வற்புறுத்தி வந்த ஒரு கருத்தை இங்கே சேர்க்கலாம். நம்மவர் மத்தியில் துன்பம் தனி ஆளின் உள்ளத்தை மட்டும் தாக்குவதில்லை. குடும்பத்தையும் ஊரையும் கூட்டாகத் தாக்குகிறது. எனவே ஆற்றுவதும் குடும்பத்தோடும் ஊரோடும் சேர்ந்தே நடைபெற வேண்டும் என்பது அது. மேல்நாட்டுப் பாடப் புத்தகத்தை மட்டும் கையில் கொண்டு வருபவருக்கு இது தென்படாது.

மொழியைக் கற்று, தொழிலைக் கையளித்தல்

நம் மண்ணிலேயே இதற்கு ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு. டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர். 1847இல் தமது 25ஆவது வயதில் யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும் அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் வைத்தியம் செய்தார். வாந்திபேதியும் காய்ச்சலும் மலிந்த காலம். நோயாளரைப் பார்ப்பதோடு நின்றிருந்தாலும் அவரை நாம் நன்றியோடு நினைத்திருப்போம். அவரோ, தாம் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று யோசித்து, உள்ளூர் இளைஞரை வைத்தியராகப் பயிற்றத் தொடங்கினார்.

ஆங்கிலத்தில் கற்ற மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விடுவதை அவர் கவனித்தார். கிராமங்கள் வைத்தியரின்றியே கிடந்தன. ஆகவே தாம் தமிழைக் கற்று, 1864 முதல் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். பாடநூல் இல்லாதபோது தாமே மொழிபெயர்த்தார். சொல் இல்லாதபோது பண்டிதரோடும் மாணவரோடும் இருந்து சொல் ஆக்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று வெளிவந்த அந்நூல்கள் யாவும் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர். தம் மாணவர் மேல்நாட்டு உடையிலும் நடையிலும் மயங்குவதை அவர் விரும்பவில்லை; தமிழராகவே இருந்து தமிழருக்கு வைத்தியம் செய்ய வேண்டுமென்றார். 1873இல் சுகவீனமாகத் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை தமிழ் நூல் வேலையை அவர் கைவிடவில்லை.

தாம் போனபின்னும் வேலை நடைபெற வேண்டும் என்று நினைத்தவர் அவர். பிறரிடையே பணிபுரியப் போகும் எந்த வைத்தியருக்கும் இது ஒரு நல்ல சோதனை: நான் போனபின் இங்கே என்ன மிஞ்சும்?

கையளித்தலின் பயனை 1971இல் உலகம் இன்னொரு விதமாகக் கண்டது. வங்காளப் போரிலே அகதிகள் இந்திய எல்லைக்குள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தபோது, பொங்கான் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் முடிந்துகொண்டிருந்தது. டொக்டர் திலிப் மஹாலநபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பிவைத்து, நோயாளரின் உறவினரையே அதை அள்ளிப் பருக்கச் சொன்னார். 100க்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் குறைவாயிற்று. அன்று பல வைத்தியர் இதை நம்பவில்லை; வைத்தியரின் வேலையைத் தாய்மாரிடம் கொடுப்பதா என்றனர். 1980 முதல் பத்து ஆண்டுகளாக வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் நீரில் கலக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இந்தப் பாடம் நடந்தது. தன் அறிவைத் தாயின் கைக்கு மாற்றிக் கொடுக்க மனமில்லாத வைத்தியர், நோயை வெல்வதிலும் பார்க்கத் தன் பதவியைக் காப்பதிலேயே கண்ணாயிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வற்புறுத்தி நன்மை செய்யலாமா?

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். மக்கள் வேண்டாம் என்று மறுக்கும்போது, அவர்களுடைய நன்மைக்காகவே அவர்களை வற்புறுத்தலாமா?

வைசூரி ஒழிப்பு மனித குலத்தின் மாபெரும் வெற்றிகளில் ஒன்று. 1967இல் தீவிரப்படுத்தப்பட்ட அந்த இயக்கத்தின் பயனாக, 1977இல் சோமாலியாவில் கடைசி இயற்கைத் தொற்றுக் காணப்பட்டது. 1980 வைகாசியில் நோய் ஒழிந்ததென்று உலக சுகாதார சபை அறிவித்தது. இந்த வெற்றிக்கு உதவிய முறைகளில் ஒன்று தட்டுப்பாட்டிலே பிறந்தது. 1966 மார்கழியில் கிழக்கு நைஜீரியாவில் மிஷன் வைத்தியராக இருந்த வில்லியம் ஃபேகியிடம் எல்லாருக்கும் போடத் தடுப்புமருந்து இருக்கவில்லை. அவர் மிஷனரிமாரின் வானொலித் தொடர்பு மூலம் நோய் எங்கெங்கே இருக்கிறதென விசாரித்து, நோயாளரைச் சுற்றியிருந்தோருக்கு மட்டும் அம்மைப்பால் கட்டினார். நோய் நின்றது.

ஆனால் இந்த வெற்றிக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1973 முதல் 1975 வரை தெற்காசியாவில் இறுதிக் கட்டம் நடந்தபோது, சில கிராமங்களில் மறுத்தவர்களைப் பிடித்து வைத்து ஊசி ஏற்றினார்கள். அப்போது இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் ஒருவர் பின்னர் இதைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். ஹோ பழங்குடியினரின் தலைவர் ஒருவர் மறுத்தார். நோயைக் கொடுப்பதும் எடுப்பதும் கடவுள் என்பது அவருடைய விசுவாசம். இரவிலே கதவை உடைத்து உள்ளே போய், அவரையும் குடும்பத்தாரையும் பிடித்து ஊசி போட்டனர். எல்லாம் முடிந்தபின் அந்த மனிதர் தம் தோட்டத்துக் கொடியிலிருந்து வெள்ளரிக்காய் ஒன்றைப் பறித்து வந்து அவர்களுக்குக் கொடுத்தார். நான் என் தர்மப்படி எதிர்த்தேன், நீங்கள் உங்கள் தர்மப்படி செய்தீர்கள், இப்போது நீங்கள் என் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என்பது அவர் பேச்சின் கருத்து.

அந்த வீட்டில் யார் யாருக்குப் பாடம் கற்பித்தார்?

இதற்கு எளிதான தீர்ப்பு என்னிடம் இல்லை. ஒருவரின் மறுப்பு அயலவரின் குழந்தைக்கு மரணமாக முடியுமானால், பொது நன்மையை முன்னிட்டு அதிகாரம் ஓரளவு கட்டுப்பாடு விதிக்கலாமென்று நமது சமூகப் போதனையே ஏற்கிறது. ஆயினும் மனிதன் ஒருபோதும் வெறும் கருவியாகக் கையாளப்படலாகாது. பேசி விளங்கப்படுத்தும் வழி மிஞ்சியிருக்க, நேரத்தை மிச்சப்படுத்தக் கதவை உடைப்பது அன்பின் வழியல்ல. அப்படிச் செய்ய நேர்ந்தவர்களும், "முடிவு நல்லதாயிற்று" என்று ஆறுதல் கொள்ளாமல், தாம் ஒரு மனிதருக்குக் கடன்பட்டிருப்பதை மறவாதிருக்க வேண்டும். அந்த அமெரிக்க வைத்தியர் மறவாமல் எழுதி வைத்ததனாலேயே நாம் இன்று இதைப் பற்றிச் சிந்திக்க முடிகிறது.

விளங்கப்படுத்தும் வழிக்குப் பலன் உண்டு என்பதை எபோலா காட்டியது. 2014இல் மேற்கு ஆபிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் அந்நோய் பரவி 11,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவரின் உடலைக் கழுவி அடக்கம் செய்யும் வழக்கம் நோய் பரவும் முக்கிய வழிகளில் ஒன்று. எனவே முகம் மூடிய ஆட்கள் வந்து உடலைப் பையிலிட்டுக் கொண்டு போனார்கள். மொன்றோவியா நகரில் உடல்களை எரித்தார்கள். தம் தாயின் உடல் எங்கே போயிற்று என்றுகூடப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மக்கள் நோயாளரையும் உடல்களையும் ஒளித்தனர். அச்சமும் சந்தேகமும் முற்றி, 2014 புரட்டாதியில் கினியின் வோமே கிராமத்தில், விளக்கம் கொடுக்கப்போன குழுவினர் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர்.

அவ்வாண்டு கார்த்திகையில் உலக சுகாதார ஸ்தாபனம் கிறீஸ்தவ, இஸ்லாமிய சமயத் தலைவர்களோடும் மானிடவியலாளரோடும் கலந்து அடக்க விதிகளை மாற்றி எழுதியது. உடலைத் தொடக்கூடாது என்ற விதி மாறவில்லை. ஆனால் குடும்பத்தினர் தூரத்தில் நின்று பார்க்கலாம். குருவானவரோ இமாமோ செபிக்கலாம். குழியை உறவினர் வெட்டலாம். கல்லறையில் பெயர் எழுதப்படும். விஞ்ஞானம் எதையும் இழக்கவில்லை. மக்கள் தங்கள் மரித்தோரைத் திரும்பப் பெற்றனர். போர்க்காலத்தில் தம்மவருக்குக் குழிகூட வெட்ட முடியாமல் போன குடும்பங்கள் நம் பங்குகளிலே உள்ளன. இதன் பெறுமதி அவர்களுக்கு விளங்கும்.

விதி வகுப்போரும் கற்க வேண்டும்

பிறரைச் சொல்லும்போது நம்மையும் சொல்ல வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்னர், அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டியில், ஆண் வைத்தியர் தம்மைத் தொட அனுமதிக்காத பெண்கள் பிரசவத்திலே மடிந்தனர். கன்னியர் அவர்களுக்கு உதவியிருக்கலாம். ஆனால் துறவறப் பெண்கள் வைத்தியமும் பிரசவமும் பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. டொக்டர் அக்னஸ் மக்லாரன் என்ற ஸ்கொத்லாந்துப் பெண்மணி முதிர்ந்த வயதில் அங்கே ஓர் ஆஸ்பத்திரியை நிறுவி, உரோமைக்கு மீண்டும் மீண்டும் போய் மன்றாடினார். பலனைக் காணாமலே 1913இல் இறந்தார். அவருடைய வழியில் வந்த ஒஸ்திரிய நாட்டு டொக்டர் அன்னா டெங்கல் 1925இல் வைத்தியப் பணிக்கென ஒரு பெண்கள் சபையைத் தொடங்கினார். 1936இலேயே உரோமை அந்தத் தடையை நீக்கியது. சட்டம் வகுத்தோர் கெட்டவரல்லர். ராவல்பிண்டியின் பிரசவ அறை அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை. அதை எட்டச் செய்ய இரண்டு பெண்களின் விடாமுயற்சி வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து பணம் அனுப்பித் திட்டம் தீட்டும் பெரிய நிறுவனங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பிழையை ஒப்புக்கொள்ளவும் கற்க வேண்டும். 2010 ஐப்பசியில் ஹெயிட்டி நாட்டிலே வாந்திபேதி வெடித்தது. ஐ.நா. அமைதிப்படை முகாமொன்றின் கழிவு ஆற்றில் கலந்து, நேபாளத்திலிருந்து வந்த படையினர் வழியாக நோய் அங்கே புகுந்ததென ஆய்வுகள் காட்டின. எட்டு இலட்சம் பேருக்குமேல் நோயுற்று, ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். பாதுகாக்க வந்தவர்களே நோயைக் கொண்டு வந்தது பெருந்துயரம். ஆனால் ஆறு ஆண்டுகள்வரை பொறுப்பை ஏற்காது நின்றதே மக்களை அதிகம் புண்படுத்தியது. 2016 மார்கழியிலேயே செயலாளர் நாயகம் பான் கீ மூன் அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பாவசங்கீர்த்தனத்தின் பயனை அறிந்த நமக்கு, பிழையை மறைப்பது பிழையை இரட்டிப்பாக்கும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

நிலைத்து நிற்றல்

கடைசியாகப் பொறுமை. நம் நாட்டில் 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. 1946 முதல் டீ.டீ.ரீ. தெளித்ததன் பலனாக 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டுமே நோய் காணப்பட்டது. வெற்றி என்று எண்ணிக் கண்காணிப்பைத் தளர்த்தினோம். அந்தப் பத்தாண்டு முடியுமுன் நோயாளர் தொகை இலட்சக்கணக்கிற்குத் திரும்பிவிட்டது. மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. போர் நடந்த வருடங்களிலும் இரத்தம் சோதிப்போரும் மருந்து தெளிப்போரும் வடக்கிலும் கிழக்கிலும் தம் வேலையை விடவில்லை. 2012இல் கடைசி உள்நாட்டு நோயாளர் காணப்பட்டார். 2016 புரட்டாதியில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது. அந்த ஊழியர்களின் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் பெரிதாக வரவில்லை.

2015இல் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பொன்று, உலக சுகாதாரப் பணிக்குப் போவோருக்கு வேண்டிய தகைமைகளைப் 11 துறைகளாக வகுத்து வெளியிட்டது. நோய்களின் பரம்பல், நோய்க்கான சமூகக் காரணங்கள், திட்ட நிர்வாகம் என்பவற்றோடு, கூட்டாகப் பணியாற்றுதல், உள்ளூர்த் திறனை வளர்த்தல், ஒழுக்கம், நீதி, பண்பாட்டு உணர்வு என்பவையும் அதில் இருக்கின்றன. முதலிற் சொன்னவற்றை வகுப்பறையில் கற்கலாம். பின்னையவற்றைப் பரீட்சை எழுதித் தேற முடியாது. அவற்றின் அரிச்சுவடி வீட்டிலேதான் படிக்கப்படுகிறது. ஆச்சியின் பேச்சை இடைமறிக்காமல் கேட்கப் பழகிய பிள்ளை, நோயாளியின் பேச்சையும் கேட்கும். தம்பியிடம் மன்னிப்புக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஒரு கிராமத்திடமும் கேட்கும். புள்ளிகளையும் பட்டத்தையும் மட்டும் பெற்றோர் கண்டால், பிள்ளையும் அவற்றையே காணும்.

அப்படியானால் எல்லாத் தகுதியும் நிறைந்த பின்னர்தான் போக வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு காத்திருந்தால் ஒருவரும் புறப்படப்போவதில்லை. தன் குறையை அறிந்து போகிறவன் வழியிலேயே கற்றுக்கொள்வான். இன்னும், அந்நியம் என்பது கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வைத்தியருக்கு மலையகத்து லயன் அறையும், வன்னியின் ஒதுக்குக் குடியிருப்பும்கூட அந்நிய தேசந்தான். அங்கே அரை மணித்தியாலத்தில் ஐம்பது பேரைப் பார்த்து அனுப்பும்போது, ஒரு வைத்தியர் அவர்களுள் எத்தனை பேரின் முகத்தைப் பார்க்கிறார்?

அந்தப் பிள்ளைக்கு இப்போது என் பதிலைச் சொல்லுகிறேன். மகளே, உன் வைத்திய அறிவை இன்னும் வளர்த்துக்கொள். அதில் குறை வைக்காதே. போகுமுன் அந்த மக்களின் மொழியைப் படிக்கத் தொடங்கு. போனபின் முதல் ஆறு மாதம் கேட்பதற்கென்று ஒதுக்கு. அங்குள்ள தாதிமாரையும் மருத்துவிச்சிகளையும் உன் ஆசிரியராகக் கொள். உனக்குத் தெரிந்ததை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வா. பிழை விட்டால் அவர்களிடமே சொல். ஒவ்வோர் இரவும் ஆத்தும சோதனை செய்யும்போது, "இன்று எத்தனை பேரைப் பார்த்தேன்" என்று கேட்பதோடு, "இன்று யாருடைய பேச்சைச் சுருக்கினேன்" என்றும் கேள்.

தாயே, உங்கள் மகளுக்கு நல்ல மனம் இருக்கிறது. அது இல்லாமல் எதுவும் தொடங்காது. அன்று நீங்கள் சொன்னதற்குத் தலையசைத்த நான், பாதியைத்தான் ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பாதி இது.